கூடையருகே எழும் வழக்குகள்: கூடைப்பந்தாட்டத்தில் மத்தியஸ்தர் தீர்ப்புக் கூறும் முறை

கூடைப்பந்தாட்டத்தில் பந்து கூடைக்குள் விழுந்தால் புள்ளி உண்டு, விழாவிட்டால் இல்லை என்பது பார்ப்போரின் பொதுவான எண்ணம். பெரும்பாலும் இது சரியே. ஆயினும் பந்து கூடைக்குள் விழுந்தும் புள்ளி கிடையாமற் போவதுண்டு. பந்து விழாமலே மூன்று புள்ளிகள் கிடைப்பதும் உண்டு. ஒருவர் போட்ட பந்துக்கு எதிர்க்கட்சியார் கணக்கில் புள்ளி எழுதப்படுவதும் உண்டு. இவற்றின் நியாயத்தை அறியாதவர்கள் மத்தியஸ்தர் பட்சபாதம் செய்துவிட்டார் என்று கூச்சலிடுவார்கள். அறிந்தவர்களோ, தங்கள் கட்சி தோற்றாலும் மனச் சமாதானத்தோடு வீடு திரும்புவார்கள். ஆகையால், இளைஞர்களுக்குப் பந்தும் கம்பமும் வாங்கிக் கொடுக்கும் சங்கத்தார் ஆட்டத்தின் விதியையும் கூடவே அறிந்திருத்தல் அவசியம்.

ஆட்டம் பிறந்த வரலாறு

1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. போதனாசாலை ஒன்றில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இவ்வாட்டத்தை ஏற்படுத்தினார். குளிர் காலத்தில் கூரையின் கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. அவர் உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாட விளிம்பில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில், பீச் பழக் கூடைகள் இரண்டை அடித்து மாட்டி, 13 விதிகளையும் எழுதி வைத்தார். அவற்றுள் எட்டாவது விதி கூடையைப் பற்றியது. பந்து கூடையின் விளிம்பில் தங்கியிருக்கும்போது எதிர்க்கட்சியார் கூடையை அசைத்துவிட்டால், அதையும் கோலாகவே கணக்கிட வேண்டும் என்பது அதில் அடங்கிய கருத்து. ஆகவே கூடையருகே செய்யும் குறும்புக்குப் பரிகாரம், ஆட்டம் தோன்றிய நாளிலேயே வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் மாடத்தில் நின்ற பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளத் தொடங்கவே, கூடைக்குப் பின்னால் பலகை வந்து சேர்ந்தது.

நமது பிரதேசத்துக்கும் இவ்வாட்டத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வாயிலாக இத்தகைய ஆட்டங்கள் பல பள்ளிக்கூடங்களை எட்டின.

இனிக் கூறப்படும் விதிகள், 1932-இல் ஏற்பட்ட சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகளைத் தழுவியவை. அமெரிக்க விதிகள் மாறுபடும் இடங்களை அவ்வவ்விடத்தில் குறிப்போம்.

கோல் என்பது யாது?

ஆட்டத்தில் இருக்கும் பந்து மேலிருந்து கூடைக்குள் புகுந்து அங்கே தங்கினாலும், வலையின் வழியே கீழே சென்றாலும் அது கோலாகும். மேலிருந்து என்ற சொல் முக்கியமானது. வளையத்தின் உட்புறக் குறுக்களவு சுமார் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். ஆகவே வளையத்தின் வழியே பந்து கீழிருந்து மேலாகவும் எளிதில் புகக்கூடும். ஓர் ஆட்டக்காரர் பந்து முழுவதையும் கீழிருந்து கூடைக்குள் புகச் செய்தால் அது விதிமீறல்; பந்து எதிர்க்கட்சியாருக்குச் சேரும்.

தனி எறிதலுக்கு 1 புள்ளி. வளைகோட்டுக்கு உட்புறமிருந்து போட்டால் 2. வெளிப்புறமிருந்து போட்டால் 3. அக்கோடு கூடையின் நடுவிலிருந்து 6.75 மீட்டர் தூரத்தில் வரையப்படுவது. கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவர் தம் கட்சியாருக்கு அனுப்பிய பந்து, எவர் மேலும் படாமல் தவறிப்போய்க் கூடைக்குள் விழுந்துவிட்டாலும் 3 புள்ளிகளே. எறிந்தவருடைய எண்ணத்தை மத்தியஸ்தர் இங்கே ஆராய்வதில்லை.

இறங்கும் பந்தைத் தடுத்தல்

ஆட்டக்காரர்கள் 'கோல் டெண்டிங்' என்று வழங்குவது இதுவே. ஏறும் பந்தைத் தடுப்பது திறமை. இறங்கும் பந்தைத் தடுப்பது குற்றம். மிக உயரமான ஒருவர் கூடையருகே நின்றுகொண்டு, விழவரும் பந்துகளையெல்லாம் தட்டிவிடுவாரானால், குறி தவறாது எறியும் திறமைக்குப் பயனில்லாமற் போகும். அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்களில் ஏறக்குறைய 7 அடி உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லண்டு என்ற இருவர் இவ்வாறு பந்துகளைத் தடுத்து வந்ததை உத்தேசித்தே, 1944-இல் அங்கே இச்செயல் தடுக்கப்பட்டது.

குற்றம் நிகழ்ந்ததென்று சொல்லுமுன் மத்தியஸ்தர் நான்கு விஷயங்களை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, அது கூடையை நோக்கி எறிந்த பந்தாயிருக்க வேண்டும். தம் கட்சியாருக்கு அனுப்பிய பந்தாயிருந்தால் இவ்விதி பொருந்தாது. இரண்டாவது, தொட்ட சமயத்தில் பந்து முழுவதும் வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, பந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பலகையில் பட்டுவிட்டிருக்க வேண்டும். நான்காவது, அது கூடைக்குள் விழக்கூடிய நிலை இன்னும் இருக்க வேண்டும். கூடையைத் தாண்டிப் போகிறதென்று தெளிவாகத் தெரியும் பந்தைத் தொடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்நான்கும் பொருந்தியிருக்கத் தொட்டவர் காக்கும் கட்சியாராயின், பந்து கூடைக்குள் விழுந்ததாகவே பாவித்து 2 அல்லது 3 புள்ளிகள் எதிர்க்கட்சியாருக்குக் கொடுக்கப்படும். தொட்டவர் தாக்கும் கட்சியாராயின், பந்து உள்ளே விழுந்தாலும் புள்ளி இல்லை; பந்தும் எதிர்க்கட்சியார் கைக்குப் போகும். இரண்டு தீர்ப்புகளுக்கும் அடிப்படை ஒன்றே: குற்றம் செய்தவர் குற்றத்தினால் லாபம் அடையலாகாது.

வளையத்தையும் பலகையையும் தீண்டுதல்

பந்து வளையத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கும்போது எவரும் கூடையையோ பலகையையோ தொடலாகாது. கூடைக்குக் கீழிருந்து கையை நுழைத்துப் பந்தைத் தொடுதல், வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பந்தை ஆடுதல், பந்தின் போக்கு மாறும்படி பலகையை அதிரச் செய்தல் ஆகியவையும் குற்றமே. இவற்றுக்குரிய தீர்ப்பு முன்கூறியது போன்றது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் ஒருமுறை பட்டபின், அது வளையத்துக்கு மேலே இருக்கும்போது அதைத் தட்டிவிடச் சர்வதேச விதி இடங்கொடுக்கிறது. அமெரிக்க விதிகளோ, வளையத்துக்கு நேர் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை நிற்பதாகப் பாவித்து, அதனுள் இருக்கும் பந்தைத் தொடலாகாதென்கின்றன. ஒரே செயல் ஓரிடத்தில் நியாயமாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆவதால், எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே இரு கட்சியாரும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

தன் கூடையில் தானே போடுதல்

நெரிசலில் ஓர் ஆட்டக்காரர் தாம் காக்கவேண்டிய கூடைக்குள்ளேயே தவறுதலாகப் பந்தைத் தட்டிவிடலாம். அப்போது எதிர்க்கட்சியாருக்கு 2 புள்ளிகள் உண்டு. கணக்குத் தாளில் அவை ஆடுகளத்திலிருக்கும் எதிர்க்கட்சித் தலைவர் பெயரில் பதிவு செய்யப்படும். வேண்டுமென்றே அவ்வாறு செய்தால் அது விதிமீறல், புள்ளி கிடையாது. எண்ணத்தை ஆராயாத விதியையும் ஆராயும் விதியையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைப்பிசகுக்கு அதன் பலன் உண்டு. சூழ்ச்சிக்குப் பலன் இல்லை.

காலம் முடியும் தறுவாயில்

காலம் முடிந்ததற்கான ஓசை எழுமுன் பந்து கையைவிட்டு நீங்கியிருந்தால், அது பிறகு விழுந்தாலும் கோலே. ஓசை எழும்போது கையில் இருந்திருந்தால் கோல் அல்ல. ஆகாயத்தில் செல்லும்போது ஓசை எழுந்து, பந்து வளையத்தில் பட்டு இன்னும் உள்ளே விழக்கூடிய நிலையில் இருக்குமானால், அதை எவரும் தொடலாகாது. முன்கூறிய அனுமதி அச்சமயத்தில் இல்லை. மேலும், வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டம் தொடங்கும்போது கடிகாரத்தில் 0.3 விநாடி இருந்தால்தான் பந்தைப் பிடித்து எறிய இடமுண்டு. 0.2 அல்லது 0.1 விநாடியே இருந்தால், பந்தைத் தட்டியோ மேலிருந்து கூடைக்குள் நேரே திணித்தோதான் கோல் போடலாம்.

ஓர் உதாரணம்

2015-ஆம் வருஷம் மார்ச் 19-ஆம் தேதி, அமெரிக்கக் கல்லூரிகளின் பெரும்பந்தயத்தில், லூயிவில் நகரில் யூ.சி.எல்.ஏ. கட்சியும் சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலைக் கட்சியும் மோதின. சுமார் 13 விநாடி மீதியிருக்கையில் சதர்ன் மெதடிஸ்ட் கட்சி 59-57 என்று முன்னணியில் இருந்தது. யூ.சி.எல்.ஏ. ஆட்டக்காரர் பிரைஸ் ஆல்போர்டு வளைகோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்தார். அது வளையத்தை நெருங்கியபோது எதிர்க்கட்சியார் ஒருவர் அதைத் தொட்டுவிட்டார். இறங்கும் பந்தைத் தடுத்த குற்றம் என்று மத்தியஸ்தர் தீர்க்கவே, விழாத பந்துக்கு 3 புள்ளிகள் கிடைத்தன, யூ.சி.எல்.ஏ. 60-59 என்று வென்றது. அப்பந்து கூடைக்குள் விழக்கூடியதாயிருந்ததா என்பதைப் பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. நாம் மேலே கூறிய நான்காவது விஷயமே அவ்வாதத்தின் மையம். ஒரு வருஷத்து உழைப்பின் பலன் ஒரு விநாடியில் கூறும் தீர்ப்பைச் சார்ந்திருக்கக் கூடும் என்பதை இது காட்டுகிறது. தொடாமல் விட்டிருந்தால் வழக்கே எழுந்திராது என்பதும் ஆட்டக்காரர் அறியவேண்டிய பாடம்.

பிழை திருத்தம்

படக்கருவி பொருத்திய பெரும்பந்தயங்களில், கடைசிப் பகுதியின் இறுதி 2 நிமிஷங்களில் இத்தகைய தீர்ப்பைப் படத்தில் பார்த்துச் சரிசெய்யச் சர்வதேச விதி இடந்தருகிறது. ஊர்ப்புறத்து மைதானத்தில் அவ்வசதி இராது. ஆயினும் விதியைத் தவறாகக் கொண்டு புள்ளியைக் கொடுத்திருந்தாலோ நீக்கியிருந்தாலோ, அதைத் திருத்த வழியுண்டு. பிழைக்குப்பின் கடிகாரம் ஓடத் தொடங்கி, அடுத்தபடி பந்து நின்று, மறுபடி ஆட்டத்துக்கு வருமுன் அது கண்டுபிடிக்கப்பட வேண்டும். காலம் தாழ்த்திச் சொல்லும் ஆட்சேபம் பயன்படாது.

பயிற்சி வினாக்கள்

1. வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து, வளையத்தின் மட்டத்துக்கு மேலே பலகையில் பட்டு வளையத்தை நோக்கி வருகையில், காக்கும் கட்சியார் தட்டிவிட்டார். தீர்ப்பு என்ன? விடை: 3 புள்ளிகள்.

2. எறிந்த பந்து வளையத்துக்கும் பலகைக்கும் இடையே சிக்கிக்கொண்டது. விடை: புள்ளி இல்லை. மாறிமாறிப் பந்து பெறும் முறைப்படி, மேஜையிலுள்ள அம்பு காட்டும் கட்சியார் பந்தை உள்ளே எறிவர்.

3. கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிபவர், எவர் மேலும் படாமல் நேரே கூடைக்குள் போட்டுவிட்டார். விடை: கோல் அல்ல, எதிர்க்கட்சியாருக்குப் பந்து.

4. கடைசித் தனி எறிதலில் பந்து வளையத்தில் பட்டு எழும்பியபோது ஓர் ஆட்டக்காரர் முறைப்படி அதைத் தட்ட, உள்ளே விழுந்தது. விடை: 1 அல்ல, 2 புள்ளிகள்.

சங்கத்தில் கடன் கொடுக்குமுன் உபவிதிகளைப் படித்துக்கொள்கிறோம்; வழக்கு வந்தபின் புதிதாக விதி செய்வதில்லை. ஆட்டத்திலும் அம்முறையே சிறந்தது. பந்தய நாள் காலையில் இரு கட்சித் தலைவர்களும், மத்தியஸ்தரும், கணக்கு எழுதுவோரும் ஒன்றுகூடி இவ்விதிகளை ஒருமுறை வாசித்துக்கொள்வார்களாக. அதற்கு அரைமணி நேரம் போதும். அயலூராருடன் ஆடப்போய்ப் பகையோடு திரும்பாமல், அடுத்த வருஷமும் ஆட அழைக்கப்படும் நிலையை அந்த அரைமணி நேரம் உண்டாக்கும்.