கடைசி இலக்கத்தைக் கவனி: டேட்டா என்ட்ரி தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்த புதிதில் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வேகம் பழகப் பழகத் தானாக வரும். முதலில் பழக வேண்டியது நம்பரைப் பிழையில்லாமல் ஏற்றுவது. ஒரு இலக்கம் மாறினால் ஒரு பாட்டியின் பென்ஷன் வேறு கணக்குக்குப் போய்விடலாம். அவர் வெயிலில் பேங்குக்கும் ஆபீசுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தப்புகளைத் தடுக்கத்தான் பல நம்பர்களின் கடைசியில் 'செக் டிஜிட்' இருக்கிறது. முந்தைய இலக்கங்களைக் கணக்குப் போட்டு வரும் விடைதான் அது. நீ அடித்த நம்பருக்கு கம்ப்யூட்டர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் 'இன்வாலிட்' என்று சொல்லிவிடும்.

1. எந்தெந்தத் தப்பு அதிகம் வரும் என்று தெரிந்துகொள்

வெர்ஹூஃப் என்ற நெதர்லாந்துக் கணித அறிஞர் 1969-ல் இதை ஆராய்ந்தார். ஒரே ஒரு இலக்கம் மாறிப்போவதுதான் மிக அதிகம். அடுத்தது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. இந்த இரண்டையும் முழுதாகப் பிடிக்கும் அவருடைய முறைதான் நம் ஆதார் எண்ணில் இருக்கிறது. முதலிலேயே தப்பு வராமலிருக்க ஆதாரை நான்கு நான்காகப் பிரித்துப் படி; ஒவ்வொரு நான்கையும் அடித்தவுடன் திரும்பிப் பார். முதல் இலக்கம் 0, 1 என்று வந்தால் அங்கேயே நிறுத்து. ஆதார் அப்படித் தொடங்காது.

2. எதில் காவல் இருக்கிறது, எதில் இல்லை என்று பட்டியல் போடு

ஆதார், ஏ.டி.எம். கார்டு நம்பர், போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ., பொருள்களின் பார்கோடு, ஜி.எஸ்.டி. நம்பர் எல்லாவற்றிலும் செக் டிஜிட் உண்டு. ஜி.எஸ்.டி.யில் அது எழுத்தாகவும் வரலாம். மொபைல் நம்பரில் கிடையாது. பேங்க் கணக்கு எண்ணில் எல்லா பேங்குக்கும் பொதுவான செக் டிஜிட் இல்லை. இந்த இரண்டையும்தான் இரண்டு தடவை அடிக்க வேண்டும். இரண்டாவது தடவை காப்பி–பேஸ்ட் செய்யாதே. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடி.

3. 'இன்வாலிட்' வந்தால் ஊகிக்காதே

ஃபாரத்தில் கையெழுத்து சரியில்லை. அது 1-ஆ 7-ஆ என்று சந்தேகம். 'இன்வாலிட்' வந்ததும் ஒவ்வொரு இலக்கமாகப் போட்டுப் பார்க்கத் தோன்றும். கூடவே கூடாது. ஆதாரிலும் கார்டிலும் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், 0 முதல் 9 வரை போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று பொருந்தியே தீரும். உண்மையான தப்பு ஐந்தாவது இடத்தில் இருக்க, நீ எட்டாவது இடத்தை மாற்றினாலும் ஸ்கிரீன் ஏற்றுக்கொள்ளும். அது இன்னொருவரின் நம்பராகக்கூட இருக்கலாம். அசல் கார்டைக் கேள், போன் செய், இல்லாவிட்டால் காலியாக விடு. காலியான கட்டத்தை நாளைக்கு நிரப்பலாம். தப்பாக நிரப்பியதை யாரும் தேடவே மாட்டார்கள்.

4. எக்செல்லில் முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கு

எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கத்தை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கார்டு நம்பரில் செக் டிஜிட் இருப்பதே அந்த இடத்தில்தான்! முன்னால் வரும் பூஜ்யமும் காணாமல் போகும். அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்று.

5. உங்கள் ஆபீஸ் நம்பருக்கும் செக் டிஜிட் போடு

மகளிர் குழு உறுப்பினர் எண், நோயாளி எண் எல்லாவற்றுக்கும் இது முடியும். உறுப்பினர் எண் 3816 என்று வைத்துக்கொள். இடமிருந்து 5, 4, 3, 2 ஆல் பெருக்கு: 15, 32, 3, 12. கூட்டினால் 62. அடுத்து 11-ஆல் வகுபடும் எண் 66. அதற்கு 4 குறைகிறது. அந்த 4-ஐக் கடைசியில் சேர், 38164 என்று அட்டையில் எழுதிக் கொடு. யாராவது 31864 என்று மாற்றி அடித்தால் 15, 4, 24, 12, கடைசி 4 சேர்த்து 59 வரும். 11-ஆல் வகுபடாது, பிடித்துவிடலாம். குறைவது 10 என்று வந்தால் அந்த உறுப்பினர் எண்ணையே யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடு.

6. பெயரையும் பார்

நம்பர் சரியாக இருக்கலாம், ஆள் மாறியிருக்கலாம். கணவரின் ஆதாரை மனைவியின் ஃபாரத்தில் ஏற்றினால் செக் டிஜிட் ஒன்றும் சொல்லாது. ஜி.எஸ்.டி. நம்பரில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் நம்பர். பான் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு.

7. எதிரில் ஆள் இருக்கும்போதே சரிபார்

சாயங்காலம் மொத்தமாகப் பார்க்கலாம் என்று விட்டால் கார்டு கொண்டுவந்தவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். 'இன்னைக்கு எத்தனை என்ட்ரி?' என்று மேனேஜர் கேட்டால், முடித்தவற்றின் எண்ணிக்கையோடு சந்தேகத்தில் நிறுத்தி வைத்தவற்றின் பட்டியலையும் தயங்காமல் கொடு. அந்தப் பட்டியலும் நீ செய்த வேலைதான், தங்கச்சி.