வெள்ளைக்கு அவசரப்படாதே, தங்கச்சி!

ஆயில் பெயின்டிங் பழக ஆசைப்பட்டால், முதலில் ஒரு நல்ல ஓவியத்தைப் பார்த்து வரை. ரவிவர்மாவே பார்த்துப் பழகியவர்தான். 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அவரை அனுமதித்தார்.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குப் பதக்கம் வாங்கித் தந்த, மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை எடுத்துக்கொள். தலையும் தோளும் போதும். பிரிண்டிலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு, கரிக்கோலால் வரை. கண்ணாடியில் காட்டினால் கோணல் தெரிந்துவிடும்.

உடனே கலருக்குப் போகாதே. பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, வெளிச்சம் விழும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு ஆகியவற்றைப் பழந்துணியால் துடைத்தெடு. இரண்டு படங்களையும் செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்து ஒப்பிடு. அதில் முகம் சரியாக வராவிட்டால் எந்தக் கலரும் காப்பாற்றாது.

அந்தப் பெண் உடுத்தியிருக்கும் வெள்ளைத் துணியில்தான் எல்லோரும் திணறுவார்கள். டியூப் வெள்ளையை அப்படியே அப்பாதே. மடிப்பின் நிழலை உற்றுப் பார். மஞ்சள் ஓக்கரும் கறுப்பும் கலந்த சாம்பல் அது. வெளிச்சம் படும் இடத்திலும் துளி ஓக்கர் சேர். தூய வெள்ளையைக் கடைசியில், ஓரிரு இடங்களில் மட்டும் வை.

அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். நம் டோம்பிவிலி மழைக்காலத்தில் ஆயில் சீக்கிரம் காயாது. விரலில் ஒட்டாமல் காயும் வரை பொறுத்திரு.

ஒன் ரூம் கிச்சன் வீடு என்றால் இன்னும் கவனம். டர்பன்டைனை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, ஜன்னலைத் திறந்து வை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடு.

மெகா பிளாக் இல்லாத நாளில் ரயிலேறி சிஎஸ்எம்டி போ. அங்கிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியம். டாடா சகோதரர்கள் சேர்த்த ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. பக்கவாட்டில் நின்று பார். நிழலில் பூச்சு எவ்வளவு மெல்லிசு, வெளிச்சத்தில் எவ்வளவு கனம் என்பது எந்தப் பிரிண்டிலும் தெரியாது.

படம் முடிந்ததும் ரவிவர்மாவின் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதே. கேன்வாஸின் பின்பக்கம் 'ரவிவர்மாவைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உன் பெயரையும் தேதியையும் போடு.