சன்னல் வலை: வைப்பதா, எடுப்பதா?

வீட்டிற்குக் காற்றும் வெளிச்சமும் வரும் வழி சன்னல். அந்த வழியாகவே கொசுவும் வந்துவிடுகிறது. அதனைத் தடுக்கத்தான் சன்னலுக்கு வலை அடிக்கிறோம். ஆயினும் நம் எட்டயபுரத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும் பல வீடுகளில் ஒரு வழக்கு எழுகின்றது. “காற்றே வரவில்லை, இந்த வலையைக் கழற்றுங்கள்” என்பார் ஒருவர். “கழற்றினால் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்” என்பார் மற்றொருவர். இவ்விரு கட்சியில் எது சரி என்று ஆராய்வோமாக.

எடுக்க வேண்டும் என்போர் கட்சி

நம் ஊர் கரிசல் பூமி. மழை குறைவு, வெயில் மிகுதி. வலையின் நூல்கள் காற்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகின்றன என்பது உண்மை. ஆடி மாதத்து மேல்காற்றில் பறக்கும் புழுதி வலையின் கண்களில் படிந்துவிட்டால், வருகிற காற்றும் நின்றுவிடும். “சன்னல் இருந்தும் புழுக்கத்துல கெடக்கோமே” என்று ஆச்சிமார் குறைப்படுவதில் நியாயம் உண்டு. முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் புழுக்கம் பெருந்துன்பம் அல்லவா?

ஆனால் வலை எடுத்த வீடுகளை மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பாருங்கள். ஆறு மணி அடித்ததும் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். பிறகு கொசுவர்த்திச் சுருள் ஏற்றப்படும். அடைத்த அறையில் அந்தப் புகையைச் சுவாசிப்பது, இழுப்பு நோய் உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கேடு. காற்று வேண்டும் என்று வலையை எடுத்தவர்கள், காற்று மிகவும் தேவைப்படும் இரவில் சன்னலையே மூடிவிடுகிறார்கள்! ஆகவே வலை என்பது சன்னலை அடைப்பதற்கு அன்று. இரவிலும் திறந்து வைப்பதற்கே.

வைக்க வேண்டும் என்போர் கட்சி

இக்கட்சிக்கு வரலாறே சாட்சி சொல்கிறது. 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். அதற்காக 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் பாட்ரிக் மேன்சன். கொசு கடிக்காவிட்டால் மலேரியா வராது என்பதை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்ட அவர் விரும்பினார். 1900ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில், ரோமாபுரிக்கு அருகே மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில், கதவு சன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை அடித்த ஒரு மரக்குடில் அமைக்கப்பட்டது. சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்களும் வேறு சிலரும் காய்ச்சல் பருவம் முழுவதும் அதில் தங்கினர். பகலில் வெளியே நடமாடினர். பொழுது சாயுமுன் குடிலுக்குள் வந்துவிட்டனர். மலேரியாவைத் தடுக்கும் கொயினா மருந்தை அவர்கள் உண்ணவில்லை. சுற்றிலும் பலர் காய்ச்சலில் கிடக்க, குடிலில் இருந்தவர்கள் நலமாக இருந்தனர்.

வலை மட்டும் போதுமா?

போதாது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் பெரும்பாலும் இரவில் கடிப்பவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும், பொழுது சாயும் முன்னரும் அதன் தொல்லை அதிகம். நாளெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து நெய்பவர்களையும், பகலில் தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் அது விடுவதில்லை.

மழை குறைந்த ஊரில் கொசு எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கலாம். தண்ணீர் அருமையான ஊரில்தான் நாம் அதைச் சேமித்து வைக்கிறோம். சிமெண்டுத் தொட்டி, டிரம், அண்டா, குடம் என்று வீடெல்லாம் தண்ணீர். ஏடிஸ் கொசு விரும்புவது இந்த நல்ல தண்ணீரையே. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். வீட்டினுள்ளே தொட்டியைத் திறந்து போட்டுவிட்டு வலையும் அடித்தால், கொசுவைத் தடுக்கக் கட்டிய வேலி, கொசுவையும் நம்மையும் சேர்த்து அடைத்த கூண்டாகிவிடும்.

இது விளையாட்டன்று. 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 12 ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் அண்டை மாவட்டமாகிய திருநெல்வேலி அப்போது மிகவும் அல்லலுற்றது.

எப்படி வைப்பது?

1. ஆணி அடித்து நிரந்தரமாக வைக்காமல், திறந்து மூடும் சட்டத்தில் வலையைப் பொருத்துக. வாடகை வீடானால் ஒட்டுப்பட்டையில் ஒட்டும் நைலான் வலை போதும். கழற்றித் துவைக்க எளிது.

2. வலையின் கண் 1.5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. கிழிசலை அன்றே ஊசி நூலால் தைத்துவிடுக. சன்னலுக்கு மேலுள்ள காற்றுப்போக்கியையும் மறவாதீர்.

3. புழுதிக் காலத்தில் அடிக்கடி வலையைக் கழுவுக. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று ஊடுருவிச் செல்லும்.

4. தொட்டியையும் டிரம்மையும் இறுக மூடுக. வாரம் ஒரு நாள் தண்ணீரை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுக. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் பல மாதம் சாவதில்லை, தேய்த்தால்தான் அகலும்.

5. முற்றத்து ஆட்டுரல் குழி, சிரட்டை, பழைய டயர், பிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் நீர் தங்க விடாதீர்.

6. டெங்குக் காய்ச்சல் கண்டவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுவால்தான் நோய் மற்றவருக்குப் பரவுகிறது.

அன்புத் தோழியரே! வலையை வாங்குவது பெற்றோர் கையில் இருக்கலாம். தொட்டியைத் தேய்ப்பது நம் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். அண்ணன் தம்பிமாரையும் கூட அழைத்துக்கொள்வோம். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலையன்று. எனவே வலையை எடுக்க வேண்டாம். கழுவி, தைத்து, திரும்ப மாட்டுவோம். தண்ணீரை மூடுவோம், சன்னலைத் திறப்போம். அப்போது ஆச்சிக்குக் காற்றும் கிடைக்கும், தொட்டில் பிள்ளைக்குக் காவலும் கிடைக்கும்.