சிறு பாரவண்டிக்குத் திறந்த தளம் அமைத்தல்

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கடப்பாக்கமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் பெரும்பாலும் மணற்பாங்கான நிலங்களை உடையவை. சவுக்கும், வேர்க்கடலையும், தர்பூசணியும் அம்மணலில் செழித்து வளர்கின்றன; நீர்வசதியுள்ள இடங்களில் நெல் விளைகின்றது. இவற்றை ஏற்றிச் செல்லப் பிக்கப் என்னும் சிறு மோட்டார் பாரவண்டியைக் குடியானவர்கள் இக்காலத்தில் மிகுதியாக உபயோகிக்கின்றனர். நாற்புறமும் அடைப்புள்ள பெட்டியில் கழிகளையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்குவது சிரமமாதலால், பெட்டிக்குப் பதிலாகத் திறந்த தளம் அமைத்துக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். அதனைச் செவ்வையாய்ச் செய்யும் முறையும், கவனிக்க வேண்டிய விஷயங்களும் கீழே விவரிக்கப்படுகின்றன.

பாரம் நிற்கும் இடம்

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களின் பொருளை நன்கறிவர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மோட்டார் வண்டிக்கும் இந்நியாயமே பொருந்தும். பின்பாரம் மிகுந்த வண்டியில் முன்சக்கரங்களின் மீதுள்ள அழுத்தம் குறையும். திருப்பும் சக்கரத்திற்கு வண்டி கட்டுப்படாது. முன்சக்கரத் தடையும் நன்கு பிடிக்காது.

ஓர் உதாரணம் காண்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரமுள்ள வண்டியில் 1,000 கிலோ சரக்கு ஏற்றப்படுகிறது எனக் கொள்வோம். சரக்கின் நடுப்பாரம் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் அமைந்தால், முன் அச்சின் மீதிருந்து 100 கிலோ குறைந்து, பின் அச்சின் மீது 1,100 கிலோ ஏறும். அதே சரக்கை அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் வைத்தால், முன் அச்சு 100 கிலோவும், பின் அச்சு 900 கிலோவும் தாங்கும். ஆகவே தளத்தின் நீளத்தை நிர்ணயிக்கும்போது, அதன் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னே அமையுமாறு அளவெடுக்க வேண்டும். இடம் பெருகுமென்று தளத்தைப் பின்புறம் நீட்டுவது பெருந்தவறு.

அமைக்கும் முறை

வண்டியின் சாஸி என்னும் அடிச்சட்டமே பாரம் முழுவதையும் தாங்குவது. அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடுதலும், தளத்தை அதனோடு பற்றவைத்தலும் கூடா. அவ்விடங்களில் இரும்பு வலுவிழந்து, நாளடைவில் வெடிப்புக் காணும். தளத்தைத் தனியே முடித்து, அடிச்சட்டத்தின்மீது கெட்டி மரச்சட்டத்தைப் பரப்பி, அதன்மேல் தளத்தை வைத்து, யூ வடிவப் போல்ட்டுகளால் இறுக்குதல் நன்று. இறுக்கும் இடங்களில் அடிச்சட்டத்தின் உட்புறம் முட்டுக்கட்டை கொடாவிடில் விளிம்பு நசுங்கும்.

8 அடி நீளம், 5½ அடி அகலமுள்ள தளத்திற்கு, 3 அங்குல இரும்புச் சானலில் நீளவாட்டில் இரண்டும், அவற்றின்மேல் குறுக்குவாட்டில் ஆறும் வேண்டும். இவை சுமார் 105 கிலோ எடையிருக்கும். மேலே கருவேலம், மருது போன்ற கெட்டி மரப்பலகையை ஓர் அங்குலக் கனத்தில் பரப்பினால் மேலும் 80 கிலோவுக்குக் குறையாது, 3 மி.மீ. இரும்புத் தகடாயின் ஏறக்குறைய 100 கிலோவாகும். பதிவுப் புத்தகத்தில் கண்ட மொத்த எடையில் தளத்தின் எடையும் அடங்கும். ஆதலால் தளம் கனத்தால், அவ்வளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும்.

பலகைகளுக்கிடையே சிறிது சந்து விட்டால் மழைநீர் தங்காது. கடற்காற்றில் உப்பு மிகுதியாதலால், துத்தநாகம் பூசிய போல்ட்டுகளையே உபயோகித்து, இரும்பின் எல்லாப் பக்கங்களுக்கும் துருத்தடுப்பு வர்ணம் பூச வேண்டும். உப்பு ஏற்றிய நாளில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவுதல் அவசியம்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னே, அதனைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலம் இடம்விட்டு, அறையின் உயரத்திற்கு உறுதியான முன்தடுப்பு நிறுத்த வேண்டும். திடீரெனத் தடைபோடும்போது சவுக்குக் கழிகள் முன்னோக்கிப் பாயும். அச்சமயம் ஓட்டுநரின் உயிரைக் காப்பது இத்தடுப்பே. பக்கங்களில் குழிக்குழாய்கள் வைத்துக் குத்துக்கம்புகள் செருகினால் கழிகளுக்குப் பயன்படும். அவற்றிலேயே கழற்றி மாட்டத்தக்க தட்டிகளை அமைத்தால் தர்பூசணிக்கும் உதவும். பின்விளக்குகளும், பதிவெண் பலகையும், ஒளி திருப்பும் பட்டைகளும் தளத்தால் மறையலாகாது.

சட்டமும் பொறுப்பும்

1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என விதிக்கிறது. ஆதலால் பழைய வண்டியின் பெட்டியைக் கழற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி கேட்டறிதல் வேண்டும். புது வண்டி வாங்குவோர், ஆலையிலேயே திறந்த தளத்துடன் வரும் வண்டியைக் கேட்டு வாங்குவது எளிது. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளாயின், இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறு நேரிடக்கூடும்.

2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அதிக பாரத்திற்கு ரூ. 20,000 அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000 கூடுதலும் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. சரக்கு அனுமதித்த அளவை மீறி வெளியே நீண்டிருப்பினும் ரூ. 20,000 அபராதமுண்டு. 8 அடித் தளத்தில் 15 அடிக் கழியை ஏற்றினால், இரவில் பின்னே வரும் இரு சக்கர வண்டிக்காரருக்கு அதன் நுனி தெரிவதில்லை. நீளத்தைத் தோப்பிலேயே தளத்திற்கேற்ப வெட்டுக. முழுக்கழியாக விற்க வேண்டுமாயின் லாரியை அமர்த்துக.

இறுதியாக ஒரு விஷயம். வெட்டு முடிந்த மாலையில் கூலியாட்கள் கழிகளின்மீதே அமர்ந்து வீடு திரும்பும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். திறந்த தளத்தில் பிடித்துக்கொள்ளப் பக்கச்சுவர் இல்லை. ஒரு கயிறு அறுந்தால் கழிகளோடு மனிதரும் சாலையில் உருளுவர். நிலமுடையோர் கூலியோடு பஸ் கட்டணத்தையும் கொடுத்தனுப்புவதும், கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் இதனை நேரில் எடுத்துரைப்பதும் கடமையாகும். சரக்குக்கென அமைத்த தளத்தில் சரக்கு மட்டுமே ஏறுதல் வேண்டும்.