தானாக உண்ணும் மாத்திரையும் கெட்டுப்போகும் இரத்தமும்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறுகிறது. இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவை உயிரணுக்கள் பயன்படுத்த முடியாமல் அது தடுக்கிறது. வீட்டில் மீந்துள்ள மாத்திரையாலும் உடல் பிராணவாயுவின்றித் தவிக்க நேரலாம். அப்போது கெடுவது இரத்தமே.

இரத்தம் கெடுவது எப்படி?

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்புதான் பிராணவாயுவைச் சுமக்கிறது. சில மருந்துகள் அந்த இரும்பின் தன்மையை மாற்றிவிடுகின்றன. அப்போது உண்டாகும் மெத்ஹீமோகுளோபினால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. இது 10 முதல் 20 சதவீதத்தை எட்டினால் உதடும் நகமும் நீலம் பாயும். மேலும் கூடினால் தலைவலி, மயக்கம், மூச்சுத்திணறல் தோன்றும். 70 சதவீதத்தைத் தாண்டினால் உயிர் போகலாம். இரத்தம் சாக்லேட் நிறமாக இருக்கும். வறட்சிக் காலத்தில், யூரியா மிகுதியாக இட்ட சோளத்தட்டையைத் தின்ற மாடுகளுக்கு வரும் நைட்ரேட் நச்சும் இதே கோளாறுதான்.

எவற்றால் வரும்?

தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கப்படும் டாப்சோன் முக்கியமானது. அடுத்தவருக்குக் கொடுத்த மாத்திரையை அரிப்புக்கோ படைக்கோ தாமாக உண்பதும், அளவை மீறுவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லி டாப்சோன் உண்போர் பயந்து நிறுத்த வேண்டாம். அளவு மாறாமல் உண்ண வேண்டும். இண்டாக்சாகார்ப் என்ற பூச்சிமருந்து வயிற்றுக்குள் போனாலும் இக்கோளாறு வரும்.

செய்ய வேண்டியவை

1. உதடு நீலமானால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவும்.

2. மாத்திரை அட்டை அல்லது மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லவும். எது, எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லவும்.

3. உப்புநீர், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

4. விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவியின் அளவை மட்டும் நம்ப வேண்டாம். இக்கோளாறில் அது தவறாகக் காட்டும்.

இதற்கு மாற்று மருந்து மெத்திலீன் புளூ ஊசி. பரம்பரையாக ஜி-6-பி-டி நொதி குறைந்தவர்களுக்கு இந்த ஊசியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

கல்வராயன் மலை போன்ற இடங்களிலிருந்து மருத்துவமனை சேர நேரமாகும். எனவே மீந்த மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு. மாட்டுக்கு நோய் என்றால் கால்நடை மருத்துவரைத் தேடும் நாம், நமக்கு நோய் வந்தாலும் மருத்துவரிடமே செல்வோம்.