கல்லை எடுத்தாச்சு, குழாயை எடுத்தாச்சா?



பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா 6,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு விசாரித்தேன்.

"கிட்னி கல்லுக்கு ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு. உள்ளே ஒரு குழாய் வெச்சிருக்காங்க. அதை எடுக்கத் தனியா பணம் கட்டணுமாம். அதான் தள்ளிப் போட்டுட்டேன்" என்றார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

அந்தக் குழாய்க்கு டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக வைப்பது. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டி மாதக்கணக்கில் விட்டால் குழாய் மேலேயே கல் படியும், கிருமி தாக்கும், சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

பில் எப்படிப் போடுறாங்க?

காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு எண்ணும் ஒரு தொகையும் உண்டு. இதை 'பேக்கேஜ்' என்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியபோதே 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளும் பட்டியலில் இருந்தன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். ஆகவே ஆபரேஷனோடு காப்பீடு முடிந்தது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்க: "குழாய் எடுக்கிறது இதே பேக்கேஜிலா, தனியா?"

2. குழாய் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்க.

3. பணம் கேட்டால் எதற்கு என்று பில்லில் எழுதச் சொல்லுங்க. ரசீது இல்லாமல் கொடுக்காதீங்க.

4. சந்தேகம் வந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்க.

5. காப்பீட்டு அட்டை இல்லையா? அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடாதீங்க. நம்ம பகுதிக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரேஷன் கார்டு மூன்றையும் எடுத்துப் போங்க.

அந்த அக்காவை டிஸ்சார்ஜ் சீட்டோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். குழாயை எடுத்தாச்சு. கடன் மனுவை அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில், நம் வீடுகளில் யாருக்காவது குழாய் இருக்கா? எடுக்க வேண்டிய தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்க. கடன் தவணையை ஞாபகம் வைக்கிற நாம், இந்தத் தேதியையும் மறக்கக் கூடாது.