புல்வெட்டும் இயந்திரம்: அழுத்தினால் ஓடுமா?

திருவனந்தபுரத்தில் எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் முற்றத்துப் புல் மளமளவென்று வளர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்குத் தோளில் மாட்டும் காடுவெட்டு மெஷினோடு ஆள் வருவார். சீரான புல்தரை வைத்திருப்பவர்கள் சக்கரம் வைத்த தள்ளு இயந்திரத்தை வாங்குகிறார்கள். 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறைக் கத்தரிக்கும் எந்திரத்தைப் பார்த்து உருவாக்கிய அமைப்பு அது. அதைத் தள்ளுவது பற்றிச் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன.

நம்பிக்கை: அழுத்தித் தள்ளினால்தான் ஓடும்.

உண்மை: கைப்பிடி சாய்வாக இருப்பதால் நம் பலம் இரண்டாகப் பிரிகிறது. 45 டிகிரிச் சாய்வில் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளினால் முன்னே போவது 7 கிலோ அளவுதான். இன்னொரு 7 கிலோ அளவு இயந்திரத்தைத் தரையில் அமுக்குகிறது. அமுக்க அமுக்க உராய்வும் கூடுகிறது. கைப்பிடியை 30 டிகிரிக்கு இறக்கினால் அதே பலத்தில் 8.7 கிலோ முன்னே போகும், அமுக்குவது 5 கிலோவாகக் குறையும். கைப்பிடி நெஞ்சுயரத்தில் நின்றால் பாதி உழைப்பு மண்ணுக்குத்தான். இடுப்பு உயரத்துக்கு இறக்கி, திருகை முடுக்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: அப்படியென்றால் இழுப்பதே மேல்.

உண்மை: கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இயந்திரத்தின் எடை 15 கிலோ, தடை அதன் அழுத்தத்தில் பத்தில் மூன்று பங்கு என்று கொள்வோம். 45 டிகிரியில் தள்ள ஏறத்தாழ 9 கிலோ விசை வேண்டும், இழுக்க 5 கிலோவே போதும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்த அதே கணக்குதான். ஆனால் கையால் தள்ளும் இயந்திரத்தில் கத்தி உருளையைச் சுழற்றுவது சக்கரம். பின்னோக்கி இழுத்தால் பற்சக்கரம் நழுவிக்கொள்ளும், கத்தி சுற்றாது. இழுப்பு சுலபம், புல் மட்டும் அறுபடாது.

நம்பிக்கை: உராய்வு வெறும் எதிரி.

உண்மை: உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் உருளாமல் சறுக்கும், கத்தியும் நின்றுவிடும். தள்ளுகிறவரின் கதையும் அதுதான். நாம் தள்ளும் அதே அளவுக்கு இயந்திரமும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருள்மீது விழுவதில்லை, அதனால் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் இல்லை. நம் பாதம் தரையைப் பின்னுக்கு உதைக்க, தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. ஈரப்புல்லில் அந்தப் பிடிதான் முதலில் போகிறது.

ஆகவே மழை விட்டதும் இயந்திரத்தை எடுக்காதீர்கள், புல் காயட்டும். பிடிப்புள்ள மூடிய காலணி போடுங்கள். பெட்ரோலிலோ மின்சாரத்திலோ ஓடுவதாக இருந்தால், இழுப்பது சுலபம் என்ற கணக்கை நம்பி உங்கள் காலை நோக்கி ஒருபோதும் இழுக்காதீர்கள். அதில் கத்தியைச் சுழற்றுவது மோட்டார். பின்னே வரும்போதும் அது நிற்காது.